பத்துப் பேர், ஒரு வான், மூன்று நாள்: மட்டக்களப்பிலிருந்து மலையகம் போய்வந்த ஒரு குடும்பப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

வானில் இருந்தவர்கள் பத்துப் பேர். ஓட்டியது மாமா, பிள்ளைகளின் தாயினுடைய தம்பி. அவருக்குப் பக்கத்தில் அப்பா. அடுத்த வரிசையில் 71 வயது அம்மம்மா, அம்மா, ஆறு வயதுச் சின்னவள். அதற்குப் பின்னால் மாமி, மாமியின் நாலு வயதுக் குட்டி, 15 வயது மூத்தவள். கடைசி இருக்கையில் 11 வயது மகனும் மாமாவின் 13 வயதுப் பொடியனும். ஓகஸ்ட் விடுமுறையில் கல்லடியில் வெளிக்கிட்டு, பதுளை வீதியால் பண்டாரவளை, எல்ல, நுவரெலியா போய், மூன்றாம் நாள் இரவு வீடு திரும்பினார்கள். போய்வர ஏறத்தாழ 500 கிலோமீற்றர்.

இது ஒரே ஒரு வீட்டின் வரலாறு அல்ல. மட்டக்களப்பில் விடுமுறை வந்தால் வான் பிடித்து வெளிக்கிடும் பல வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரு பயணமாகக் கோத்து எழுதியிருக்கிறோம். யாரையும் அடையாளம் காட்டாமல், எது பிழையாகப் போனது, ஏன் அப்படிப் போனது என்பதை மட்டும் பார்ப்பதற்கு இதுதான் வசதி.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த மூன்று நாளில் பிழையாகப் போனவை எல்லாம் ஏதோ ஒரு பெரியவரின் தலைக்குள் மட்டும் இருந்த வேலைகள். தப்பியவை பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கையில் "இது உன்னுடையது" என்று கொடுக்கப்பட்டிருந்த வேலைகள். பயணம் போகிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு இடங்களைப் பார்த்த ஞாபகம் மங்கிப்போகலாம். தன்னிடம் ஒரு வேலை இருந்தது என்பது மங்குவதில்லை.

பயணத்தில் ஆசை எங்கிருந்து வந்தது

அம்மம்மாவின் இளமையில் தூரப் பயணம் என்றால் கதிர்காமம். திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று நடந்து, உகந்தைக்கு அப்பால் குமுனைக் காட்டுவழியால் போவது. அரிசி, கருவாடு, சட்டி பானை எல்லாம் தலைச்சுமை. அந்த நடையில் பிள்ளைகளுக்கும் சுமை உண்டு. சின்னப் பிள்ளை என்றால் உப்பும் நெருப்புப் பெட்டியும்.

அடுத்த தலைமுறைக்கு அது வாய்க்கவில்லை. இன்றைய தாய் தகப்பன்மாரின் பள்ளிக்காலம் முழுவதும் யுத்தம். செங்கலடிக்கு மேற்கே பதுளை வீதி 2007 வரை சோதனைச் சாவடிகளும் எல்லைகளும் நிறைந்த வீதி. வீட்டிலிருந்து 160 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் பதுளையை வளர்ந்து, கலியாணம் கட்டிய பிறகுதான் பலர் முதன்முதலில் பார்த்தார்கள். தங்களுக்குக் கிடைக்காததைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு இந்த ஊர்ப் பயணங்களில் பலமாக இருக்கிறது. அது நல்ல தவிப்பு. ஆனால் அதே தவிப்புத்தான் எல்லா வேலையையும் பெரியவர்களே தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைச் சும்மா ஏற்றி இறக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தது.

கொப்பி

இந்த ஆய்வுக்கு நேரங்கள் எல்லாம் கிடைத்தது 11 வயது மகனின் கொப்பியிலிருந்து. 80 பக்கச் சதுரக் கோட்டுக் கொப்பி. அடிமட்டத்தால் ஐந்து நிரல் போட்டிருக்கிறான்: இடம், நேரம், வானின் மீற்றர், செலவு, குறிப்பு. குறிப்பு நிரலில் "பசறை, மூண்டு தரம் சத்தி" என்று தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறான். எழுத்து அந்த இடத்தில் கோணலாகப் போகிறது.

பத்து வயது தாண்டிய பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்று நினைக்கிறோம். வண்டி நின்றால் எழுத வேண்டும், நகர்ந்தால் எழுதக்கூடாது என்பது மட்டும் விதி. ஓடும் வண்டியில் குனிந்து எழுதினால் தலை சுற்றும். டீசல் அடித்த ஒவ்வொரு தரமும் மீற்றரையும் லீற்றரையும் எழுதினால், வண்டி லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதைப் பிள்ளையே வகுத்துக் கண்டுபிடிக்கும். ஒரு நிபந்தனை, இரண்டு தரமும் தாங்கியை முட்ட நிரப்பியிருக்க வேண்டும். இந்த வான் சமதரையில் 10, மலையில் 8 என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் சராசரிக் கணக்கு விளங்காத பிள்ளைக்குக்கூட இது விளங்கிவிடும்.

வெளிக்கிடும் நேரம்

தூரப் பயணம் என்றால் விடியப்புறம் மூன்று மணிக்கே வெளிக்கிட வேண்டும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. பதுளை வீதிக்கு அது சரியில்லை. கரடியனாறு தாண்டி, புல்லுமலை வழியாக மகாஓயா வரைக்கும் யானை நடமாடும் இடம். மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் அந்தத் துண்டை முழு இருட்டில் கடக்க வேண்டிவரும். ஓகஸ்டில் இங்கே சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாக உதிக்கும். அதனால் இந்தக் குடும்பம் 5.15க்குக் கல்லடியில் வெளிக்கிட்டு, வெளிச்சம் வரும்போது கரடியனாற்றைப் பிடித்தது. போகும் வழியில் எடுத்த மிகச் சரியான முடிவு அது. திரும்பும் வழியில் அதே விதியை மறந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறோம்.

7.20க்கு மகாஓயா. நகரத்துக்குப் பக்கத்தில் வெந்நீர் ஊற்றுக் கிணறுகள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு சூடு. சின்னப் பிள்ளைகளைக் கிணற்றோரத்தில் தனியே விடக்கூடாது. தண்ணீரைப் பெரியவர் வாளியில் அள்ளி, முழங்கையால் சூடு பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். உள்ளங்கை சூட்டைத் தாங்கிப் பழகியது, அதை நம்பக்கூடாது.

சோறு

காலைச் சாப்பாடு அம்மா கட்டிய புளிச்சோறு. மத்தியானத்துக்கு மாமி முதல்நாள் இரவு பத்து மணிக்கு மஞ்சள் சோறும் தேங்காய்ப்பால் விட்ட பருப்பும் சமைத்து, ஆவி பறக்கவே பெரிய மூடி வாளியில் அடைத்திருந்தார். புளிச்சோற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. 12.40க்குப் பதுளையில் வாளியைத் திறந்தபோது சோறு நூல்விட்டிருந்தது. பருப்பு நுரைத்திருந்தது. அப்படியே கொட்டினார்கள். கடையில் பத்துப் பேருக்கு இடம் பிடித்துச் சாப்பிட ஒரு மணித்தியாலம் போனது.

மாமி தன்னையே நொந்துகொண்டார். சமையலில் பிழையில்லை, ஆற்றாமல் அடைத்ததில்தான் பிழை. பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் அரிசி கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு 60 பாகைக்குக் கீழே இறங்கி, வெதுவெதுப்பாகவே பல மணித்தியாலம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். பெரிய வாளியின் நடுச்சோறு விடியும் வரைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மூடியில் பிடித்த ஆவி தண்ணீராகத் திரும்பச் சோற்றில் விழும். தேங்காய்ப்பால் இன்னும் சீக்கிரம் திரும்பும். மணம் வரும் முன்பே நஞ்சு உண்டாகலாம் என்பதையும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். "சுட வைத்துத் தின்னலாம்" என்று பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வழியிலேயே வாந்தியும் வயிற்றோட்டமும்தான்.

புளிச்சோறு தப்பிய விதம் இது. விடியப்புறம் மூன்று மணிக்குச் சோறு வடித்தார்கள். பத்துப் பேரில் மூன்று பேர் சின்னவர்கள் என்பதால் ஒன்றேகால் கிலோ அரிசி. கிலோவுக்கு 100 கிராம் பழப்புளி, 150 மில்லிலீற்றர் நல்லெண்ணெய். வெங்காயமும் தேங்காயும் சேர்க்கவில்லை. புளிக்கரைசலை எண்ணெய் மிதக்கும்வரை வற்றவைத்து, சோற்றை இரண்டு பெரிய தட்டங்களில் இரண்டு விரற்கடைக்கு மேல் உயராமல் பரப்பி, விசிறியின் கீழே 40 நிமிடம் ஆறவிட்டுப் பிறகே கலந்தார்கள். நெருப்பில் வாட்டிய வாழையிலையில் ஆளுக்கொரு பொதி. எட்டு மணிக்கு முன் சாப்பிட்டு முடிந்தது. புளி இருக்கிறது என்று மாலைவரை வைத்திருப்பதும் சரியில்லை.

இரண்டாம் மூன்றாம் நாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோகத் தகுந்தது சோறு அல்ல. தண்ணீர் படாமல் எண்ணெயில் நன்றாக வதக்கிய சீனிச் சம்பல், மாசிச் சம்பல் இவை இரண்டும் உலர்ந்த போத்தலில், உலர்ந்த கரண்டியோடு மூன்று நாள் தாராளமாக நிற்கும். பாணை எந்த ஊரிலும் வாங்கலாம். பிட்டு தேங்காய்ப்பூ சேர்ந்தது, காலை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதி குறைந்தது பத்து, பையில் இருக்க வேண்டும். ஒரு பொதிக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், கூடவும் கூடாது குறையவும் கூடாது.

பிபிலைக்குப் பிறகு

மட்டக்களப்புப் பிள்ளைக்கு வீதி என்றால் நேர்க்கோடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மேடு பள்ளம் இல்லாத தார். பிபிலை தாண்டி லுணுகலைக்கு ஏறத் தொடங்கியதும் அந்த உடம்பு திடுக்கிடும். காதின் உட்பகுதி "திரும்புகிறோம்" என்று சொல்லும், முன் இருக்கையின் முதுகையே பார்க்கும் கண் "அசையவில்லை" என்று சொல்லும். இந்த இரண்டும் பொருந்தாதபோது வருவதுதான் தலைச்சுற்றும் சத்தியும். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இது மிக அதிகம்.

மகனுக்கு மூன்று காரணம் ஒன்றாகக் கூடின. கடைசி இருக்கை பின்சில்லுக்கும் பின்னால், வளைவில் அதிகம் வீசி எறியும் இடம். கையில் போனும் விளையாட்டும். மூன்றாவதுதான் பெரியது. பயணச் சத்திக்கான குளிசையை அம்மா லுணுகலையில், அவனுக்கு வயிறு பிரட்டத் தொடங்கிய பிறகு கொடுத்தார். அது வயிற்றில் நிற்கவே இல்லை. அந்தக் குளிசை வேலைசெய்ய அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை வேண்டும். ஆகவே கொடுக்க வேண்டிய இடம் மகாஓயா. அங்கே விழுங்கினால் பிபிலை தாண்டி முதல் வளைவு வரும்போது உடம்பில் பிடித்திருக்கும். எந்த மருந்து, பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு என்பதை வெளிக்கிடும் முன்பே வைத்தியரிடம் கேட்டு, அட்டைப் பெட்டியின் மேலேயே எழுதிவைக்க வேண்டும். நித்திரை வரும் மருந்து என்பதால் ஓட்டுபவர் தொடவே கூடாது.

மற்றப்படி, சத்தி எடுக்கும் பிள்ளை முன்னுக்கு இருக்க வேண்டும். தூரத்து மலையைப் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. இரண்டு பிஸ்கட் போதும். தேசிக்காயைக் கீறி மணந்தால் சிலருக்கு ஆறுதல். காது அடைத்தால் எச்சிலை விழுங்கச் சொல்லலாம், சின்னவர்களுக்கு டொபி கொடுக்கலாம். சொப்பிங் பேக்கை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டு, ஓட்டையில்லை என்று ஊதிப் பார்த்து, ஒவ்வொருவரின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது சின்னவளின் வேலையாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை 12 பைகளையும் ஊதிப் பார்த்து இரண்டைக் கழித்திருந்தாள். அவள் வேலையில் பிழை இருக்கவில்லை.

எல்ல நிலையத்தில் விடுபட்ட பொடியன்

இரண்டாம் நாள் காலை எல்லவிலிருந்து தெமோதரைக்கு ரயிலில் போவது திட்டம். ஒரு நிலையத் தூரம்தான், கால் மணி நேரம். ஆனால் ஒன்பது வளைவுப் பாலம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு நாலைந்து மணித்தியாலம் நெரிசலில் நிற்பதைவிட இது நல்ல தெரிவு. ரயில் ஓடுகிறதா என்று முதல்நாளே நிலையத்தில் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடப்படுவது உண்டு. பிள்ளைகளை வாசல் படியில் நிற்கவே விடக்கூடாது, சுரங்கச் சுவர் பெட்டிக்கு மிக நெருக்கமாக வரும்.

ரயிலில் ஏற வேண்டியவர்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், மாமாவின் பொடியன். அம்மம்மா, மாமா, மாமி, குட்டி நால்வரும் வானில் தெமோதரைக்கு வந்து காத்திருப்பார்கள்.

இந்த வீட்டில் ஆள் எண்ணும் முறை ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தர எண். அம்மம்மா ஒன்று, குட்டி பத்து. சின்னவள் "எண்ணுங்கோ" என்று கூப்பிட்டால் ஒவ்வொருவரும் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். எண் வராத இடம் உடனே தெரியும். முதல்நாள் ஏழு தரம் எண்ணினார்கள். எல்லவில் ரயில் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. சனம் தள்ளியது. சின்னவள் வாயெடுக்க, அப்பா "பிறகு எண்ணலாம் மனே, ஏறு ஏறு" என்றார். அந்த ஒரு தரம்தான் எண்ணவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன் பொடியன் கழிப்பறைக்குப் போயிருந்தான். அவன் வெளிவாசல் பக்கம் நடந்ததைக் கண்ட அப்பா, மனம் மாறித் தகப்பனோடு வானில் போகிறான் என்று எடுத்துக்கொண்டார். வானில் இருந்தவர்களுக்கு அவன் ரயிலில். இரண்டு கூட்டமாகப் பிரியும் எல்லாப் பயணங்களிலும் பிள்ளை தொலையும் வழி இதுதான். யாரும் கவனயீனமாக இருப்பதில்லை. இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தை நம்புகிறது.

தெமோதரையில் இறங்கியதும் பிள்ளைகள் மேடையோரத்தில் நின்றார்கள். அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தால் போகிறது. பதுளைப் பக்கம் போன ரயில் கண்ணுக்கு மறைந்து, சில நிமிடம் கழித்துக் காலுக்குக் கீழே வெளிவந்தது. மகன் கொப்பியை மறந்து வாய்பிளந்து நின்றான். மூத்தவள் கைதட்டினாள். அந்த மகிழ்ச்சிக்குள்தான் சின்னவள் மறுபடி "எண்ணுங்கோ" என்றாள். பொடியனின் எண்ணான ஏழு வரவில்லை.

அப்பா போன் எடுத்தார். "மச்சான், பொடியன் உங்களோடதானே?"

"இல்ல அத்தான், உங்களோடதானே ரயில்ல ஏறினவன்?"

எல்லவில் பொடியன் என்ன செய்தான் என்பதுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி. கழிப்பறையிலிருந்து வந்தவன் ரயிலின் கடைசிப் பெட்டி போவதைக் கண்டான். ஓடவில்லை. வீட்டில் சொல்லிவைத்திருந்த விதி: தனித்துப் போனால் கடைசியாக எல்லோரும் ஒன்றாக இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார வேண்டும், தேடிப் போகக்கூடாது. இரண்டு பேரும் நகர்ந்தால் ஒருவரை ஒருவர் தவறவிடுவார்கள். அவன் பழைய வாங்கிலேயே போய் உட்கார்ந்தான். போன் தாயின் கைப்பையில். நம்பர் ஒன்றும் மனப்பாடம் இல்லை. போன் வந்த பிறகு யாருக்குமே இல்லை.

காற்சட்டைப் பொக்கற்றில் ஒரு அட்டை இருந்தது. மூத்தவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது: பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய அட்டை, அதில் இரண்டு போன் நம்பர், அன்று தங்கும் இடத்தின் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அது. நம்பர் இரண்டும் வேறு வேறு நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும், மலையில் ஒன்றுக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் மற்றதுக்கு இருக்கும். பேனாவால் எழுதினால் நனைந்ததும் கரையும், பென்சில் கரையாது. மேலே அகலமான செலோடேப். வைக்கும் இடம் பை அல்ல, உடுப்பின் பொக்கற். பை வானில் போய்விடும்.

நிலையத்தில் வடை விற்றுக்கொண்டிருந்த ஒரு தோட்டத்து அம்மாவிடம் அவன் போனான். "தம்பி, யாரு கூட வந்தீங்க? நம்பர் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டு, அவரே தன் போனில் அழைத்துக் கொடுத்தார். தெமோதரையில் அம்மாவின் போன் அடித்தபோது பொடியன் விடுபட்டு 26 நிமிடம் ஆகியிருந்தது. வான் இன்னும் எல்லவைத் தாண்டவில்லை, திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டது. மாமி அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் நின்றார். மட்டக்களப்புத் தமிழும் தோட்டத்துத் தமிழும் சந்தித்த அந்த ஐந்து நிமிடத்தை அந்தப் பொடியன் பாலத்தைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பான்.

விடுபட்டதற்குக் காரணம் எண்ணாமல் ஏறியது. கிடைத்ததற்குக் காரணம் விதியும் அட்டையும். ரயிலைத் தவறவிட்டால் அடுத்த வழி இருக்கிறது, எண்ணும் வேலை ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பிள்ளை முடிக்கும் வரை பெரியவர் நிற்க வேண்டும். "பிறகு" என்று சொல்வது நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. அந்த வேலை விளையாட்டுத்தான் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

குளிரும் குளிசையும்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை என்ற கணக்கில், கடல் மட்டத்தைவிடப் பன்னிரண்டு பாகை குறைவு. பகலில் 33 பாகையில் வெந்துகொண்டிருக்கும் ஊரில் நின்று உடுப்பு அடுக்குபவருக்கு அது விளங்காது. ஒரு தடித்த சுவெற்றரைவிட பெனியன், நீளக்கைச் சட்டை, மெல்லிய சுவெற்றர், காற்றுப் புகாத மேற்சட்டை என்று நாலு அடுக்கு நல்லது. ஆளுக்கு மூன்று சோடிக் காலுறை, ஏனென்றால் பிள்ளைகள் புல்லில் ஓடி முதல் மணித்தியாலத்திலேயே நனைப்பார்கள். முதல் இரவை 1,200 மீற்றர் அளவிலுள்ள பண்டாரவளையில் கழித்தது அம்மம்மாவின் மூட்டுக்கு நல்லதாய்ப் போனது.

ஆனால் அம்மம்மாவின் பிரஷர் குளிசை அந்த முதல் இரவு தவறியது. பெட்டியின் அடியில் இருந்தது, பெட்டி மற்றப் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. "பரவாயில்ல மனே, நாளைக்குப் போடுவன்" என்று அம்மம்மா சொல்லிவிட்டார். வயதானவர்கள் யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்றே இப்படிச் சொல்வார்கள், நம்பக்கூடாது. மருந்து எப்போதும் மடியில் இருக்கும் கைப்பையில் போக வேண்டும், மூன்று நாளுக்கு என்றால் ஐந்து நாளுக்குரியது. மருந்து எடுத்துக் கொடுப்பதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கக்கூடாது. ஞாபகப்படுத்துவதை ஒப்படைக்கலாம். இரண்டாம் இரவு மகன் கொப்பியில் "8.00 அம்மம்மா" என்று எழுதிவைத்து, விழுங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே சரி போட்டான்.

வெலிமடை இறக்கமும் மகாஓயா இருட்டும்

மூன்றாம் நாள் 9.30க்கு வெளிக்கிடுவதாகத் திட்டம். கொப்பியின்படி வெளிக்கிட்டது 11.10. ஏரிக்கரையில் குதிரை, படகு, பிறகு ஸ்ட்ரோபெரி.

ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்கும்போது கருகிய மணம் வந்தது. மாமா பிரேக் மிதித்தபோது மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. பத்துப் பேரும் பெட்டிகளும் ஏறிய வானை நாலாம் கியரில் விட்டு, இறக்கம் முழுவதும் பிரேக்கில் காலை வைத்தபடி வந்ததுதான் காரணம். பிரேக் சூடேற, அதற்குள் இருக்கும் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், அதனால் மிதி இறங்கும், சில்லுக்குப் பிடி கிடைக்காது. அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் கூடக்கூடச் சீக்கிரம் கொதிக்கும். கடற்கரை ஊர் வண்டிகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு தரமாவது மாற்றியே ஆக வேண்டும்.

மாமா அந்த இடத்தில் சரியாகவே செய்தார். இரண்டாம் கியருக்கு இறக்கி, அகலமான ஓரத்தில் நிறுத்தி, சில்லுக்கு முன்னால் கல் வைத்து, 35 நிமிடம் ஆறவிட்டார். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் இரும்பு வெடிக்கவோ வளையவோ கூடும். மலையில் பழைய விதி ஒன்று உண்டு: ஏற எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும் இயந்திரத்தை நிறுத்துவதும் தற்கொலைக்குச் சமம், இயந்திரம் நின்றால் பிரேக்குக்கு உதவும் விசையும் நின்றுவிடும். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில், 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து பலர் மாண்டதை ஊவா மக்கள் மறக்கவில்லை. அந்தப் பசறை வழியாகத்தான் நாங்களும் போய்வருகிறோம்.

ஒரு மணித்தியாலம் 40 நிமிடம் பிந்தி வெளிக்கிட்டது, 35 நிமிடம் நின்றது, பதுளையில் சாப்பாடு. மகாஓயாவை அடைந்தபோது 6.10. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. விடிந்த பிறகுதான் கடக்க வேண்டும் என்று போகும்போது நேரம் கணித்த அதே காட்டுத்துண்டை, திரும்பும்போது இருட்டில் கடந்தார்கள். புல்லுமலைக்குக் கிட்ட வீதியோரத்தில் ஒரு கொம்பன். மாமா தூரத்திலேயே நிறுத்தினார். ஹோர்ன் அடிக்கவில்லை, லைற்றை மாறிமாறி அடிக்கவில்லை, இயந்திரத்தை நிறுத்தவில்லை, யாரும் இறங்கவில்லை. பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. 20 நிமிடத்தில் அது காட்டுக்குள் இறங்கியது. நல்லபடியாக முடிந்தது என்பதற்காக முடிவு சரி என்று எங்களால் எழுத முடியாது. மகாஓயாவில் ஐந்தரைக்குப் பிறகு வந்தால் அங்கேயே தங்க வேண்டும். பத்துப் பேருக்கு ஓரிரவு அறைக்காசை, வெளிக்கிடும் முன்பே ஒரு உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்க வேண்டும். காசு தனியாக இருந்தால்தான் மனம் தங்கச் சம்மதிக்கும்.

அடுத்த பயணத்துக்கு மாற்றியவை

வீடு வந்து இரண்டாம் நாள் கொப்பியைத் தரையில் விரித்து எல்லோரும் பார்த்தார்கள். இந்தப் பழக்கம் எல்லா வீட்டுக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். யார் பிழை என்று தேடவில்லை. எந்த நேரம் எங்கே போனது என்று மகன் வாசிக்க, பெரியவர்கள் கேட்டார்கள்.

அடுத்த பயணம் டிசெம்பரில். மலையகம் வேண்டாம் என்றாள் மூத்தவள். ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை மழை எங்களுக்கும் ஊவாவுக்கும் சேர்த்துத்தான் கொட்டுகிறது. 2014 ஒக்ரோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டம் மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைப் பெயர்த்ததும் இந்தக் காலத்தில்தான். போயே ஆக வேண்டும் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பார்க்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேறுதல். அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117, நோயாளர் வண்டிக்கு 1990. இரண்டும் அட்டையில் ஏறிவிட்டன. டிசெம்பரில் மழை குறைந்திருக்கும் தென்மேற்குக் கரை, காலி, அவளுடைய தெரிவு. அதில் ஒரு அரைநாளை முழுவதும் அவளே திட்டமிடுவாள். பிழையாகப் போனாலும் பெரியவர்கள் கைவைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டம் பிரியும் இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் எண்ணுபவர் ஒருவர் இனி உண்டு. பிரிந்ததும் இரண்டு நிமிடத்துக்குள் போனில் எண்களைச் சொல்லிக்கொள்ள வேண்டும், பெயர்களை அல்ல. சின்னவள் ஒரு பக்கம். மற்றப் பக்கத்துக்குப் பொடியன் தானே முன்வந்து கேட்டான். குட்டிக்கு அப்போது ஐந்து வயதாகியிருக்கும். இரண்டு சொப்பிங் பேக்கை ஊதிப் பார்க்கும் வேலை அவளுக்குப் போகிறது. அம்மாவின் போன் நம்பரை அட்டையில் பென்சிலால் அவளே எழுத வேண்டும் என்று மூத்தவள் இப்போதே பழக்குகிறாள். 7 என்ற இலக்கத்தை மட்டும் இன்னும் திருப்பித்தான் எழுதுகிறாள்.